எறியும் கையும் வளரும் எலும்பும்

கோலாலம்பூரில் 1965-இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளும், 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகளும் நடைபெற்றன. ஈட்டி சென்ற தொலைவு ஏட்டில் ஏறியது. எறிந்த முழங்கை பட்ட பாடு எந்த ஏட்டில் ஏறியது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பின்லாந்து மருத்துவர் வாரிஸ், ஈட்டி வீரர்களின் முழங்கைக் காயங்களை ஆராய்ந்து 1946-இல் எழுதினார். 1960-இல் அமெரிக்க மருத்துவர்களான பிராக்டனும் குரோவும், பேஸ்பால் எறியும் சிறுவரின் முழங்கை நோவுக்குத் தனிப் பெயரிட்டனர். தனிப் பெயர் எதற்கு? ஓயாது எறியும் பெரியவர்க்கு மூட்டின் உட்புறத் தசைநார் நைகிறது. சிறுவர்க்கோ எலும்பின் வளர்ச்சிக் குருத்து அந்நாரினும் மெலிது. ஆதலின் அதுவே முதலில் பிளவுறுகிறது.

1974-இல் பிராங்க் ஜோப், நைந்த நாருக்கு ஈடாக வேறு நாரைப் பொருத்தினார். 2019-இல் முழங்கையில் அறுவை செய்துகொண்ட நீரஜ் சோப்ரா, 2021-இல் டோக்கியோவில் ஈட்டியெறிந்து தங்கம் வென்றார். இவற்றைக் கண்டு, சிறுவர் கையையும் பின்னர்ச் சீர்செய்துகொள்ளலாம் என எண்ணுதல் தவறு. அவர்க்கு வேண்டுவது முன்காப்பு. அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2007 முதல் நாளொன்றுக்குரிய எறிகளை எண்ணி வரம்பிட்டது. 11, 12 வயதினர்க்கு வரம்பு 85. ஈட்டிக்கும் குண்டுக்கும் அவ்வெண் பொருந்தாது; எண்ணும் நெறி பொருந்தும்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மாணவரைப் பயிற்றும் ஆசிரியர்கள் தொலைவை அளப்பதோடு எறிகளையும் எண்ணுதல் வேண்டும். முழங்கை நோகிறது என்று மாணவன் சொன்னால், பழகப் பழகச் சரியாகும் என்று தேற்றாமல், எறிவதை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புதல் கடமை.