ஒரு வெள்ளிக்கு மூணு வெள்ளி

2015இல் என் மாமா உட்லண்ட்ஸ் நாலறை வீவக வீட்டை விற்றுவிட்டு, ஜொகூர் பாருவில் தரைவீடு வாங்கினார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. "இங்க ஒரு வெள்ளி, அங்க கிட்டத்தட்ட மூணு வெள்ளி. வேற என்னடா கணக்கு?" என்றார்.

அந்த மூணு எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இரண்டு நாட்டுக் காசையும் நாம் இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். 1973 மே வரை இரண்டும் சரிசமம். இந்தக் காசை அங்கே கொடுக்கலாம், அந்தக் காசை இங்கே வாங்கிக்கொள்வார்கள். 1967க்கு முன் பாலத்தைக் கடக்கக் கடப்பிதழும் வேண்டாம். மாமாவுக்கு 9 வயதில் நாடு பிரிந்தது, 17 வயதில் காசு பிரிந்தது. அந்தப் பிரிவில் வந்த லாபம்தான் அவருடைய தரைவீடு.

2020 மார்ச் 18இல் மலேசியா எல்லையை மூடியது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் பேத்தி பிறந்தாள். குடிமகன் என்பதால் மாமா இங்கே வந்துவிடலாம். ஆனால் திரும்பிப் போக விடுவார்களா? படுக்கையில் இருந்த அத்தையை யார் பார்ப்பது? "ஒரு கிலோமீட்டர் பாலம்டா" என்று போனில் அழுதார்.

2022 ஏப்ரலில் எல்லை முழுதாகத் திறந்த பிறகுதான் வந்தார். கையை நீட்டினார். பேத்தி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இப்போது என் நண்பர்களும் அக்கரையில் வீடு தேடுகிறார்கள். தேடட்டும். வீட்டை மலிவாக்குகிற கோடும் பாலத்தைச் சாத்துகிற கோடும் ஒன்றுதான் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.