உள்நாட்டுப் போரும் புகையிரதப் பாதையும்: அமெரிக்க அனுபவம் (1861–1865)

உள்நாட்டுப் போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. படைகள் எங்கு மோதின, எவர் வென்றார் என்பன விரிவாகக் கூறப்படுகின்றன. மாவும் உப்பும் எவ்வழியே சென்றன, எவரை அடையாது போயின என்ற வினா பின்தள்ளப்படுகிறது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை முன்னிறுத்தி அவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

1860இல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்த ஏறத்தாழ 30,000 மைல் புகையிரதப் பாதையில், பின்னர் பிரிந்து சென்ற தென் மாநிலங்களில் இருந்தது 9,000 மைல் அளவினதே. நீளத்தினும் முக்கியமானது அதன் அமைப்பாகும். பெருந்தோட்டங்களின் பருத்தியைத் துறைமுகங்களுக்குக் கொண்டு செல்வதே அப்பாதைகளுட் பலவற்றின் நோக்கம். அவற்றை அமைத்தவர்களும் பேணியவர்களும் பெருமளவில் அடிமைகளே. மாநிலங்களிடையே உணவைக் கொண்டு செல்லும் தேவை அங்கு முதன்மை பெறவில்லை. தண்டவாளங்களுக்கிடையிலான அகலம் சில பாதைகளில் 5 அடியாகவும் வேறு சிலவற்றில் 4 அடி 8½ அங்குலமாகவும் இருந்தது. போர் தொடங்கியபோது வேர்ஜீனியாவின் பீற்றர்ஸ்பேர்க் நகரில் வடக்குப் பாதையும் தெற்குப் பாதையும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கவில்லை. சரக்குகளை இறக்கி, குதிரை வண்டிகளில் ஏற்றியே நகரைக் கடக்க வேண்டியிருந்தது.

இதன் விளைவு சமையலறைகளில் தெரிந்தது. 1863 ஏப்ரல் 2ஆந் திகதி தென்னரசின் தலைநகரான றிச்மண்டில் பெண்கள் திரண்டெழுந்து உணவுக் கடைகளை உடைத்தனர். கலையாவிடின் சுடப்படுவீர் என அவர்கள் எச்சரிக்கப்பட்டனர். பணவீக்கமும் பதுக்கலும் இக்கிளர்ச்சிக்குக் காரணங்களே. ஆயின், தென்பகுதியெங்கும் தானியம் அற்றுப் போயிற்று எனக் கொள்வது தவறாகும். 1864இன் இறுதியில் ஷேர்மனின் வடபடை யோர்ஜியாவின் குறுக்கே நடந்து சென்றபோது, அங்குள்ள களஞ்சியங்களிலிருந்தே பெரிதும் உண்டது. அதே காலத்தில் பீற்றர்ஸ்பேர்க்கைக் காத்து நின்ற தென்படையினர் அரைவயிற்றோடு இருந்தனர். ஒருபுறம் தானியமும் மறுபுறம் பசியுமாக இருந்த இந்நிலையில், இரண்டுக்கும் இடையே தேய்ந்த தண்டவாளங்களும் பழுதுற்ற இயந்திரங்களுமே கிடந்தன. முக்கிய பாதைகளைப் பழுதுபார்க்கக் கிளைப் பாதைகளின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

இது தொழில்நுட்பப் பற்றாக்குறை மட்டுமன்று. வடபகுதியில் 1862 ஜனவரியிலேயே புகையிரதப் பாதைகளைக் கையேற்கும் அதிகாரம் சட்டத்தின் மூலம் லிங்கனுக்கு வழங்கப்பட்டது. தென்னரசோ 1865 பெப்ரவரி வரை அத்தகைய முழுமையான அதிகாரத்தைப் பெறவில்லை. ஏப்ரலில் றிச்மண்ட் வீழ்ந்துவிட்டது. மனிதரைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமைக்காகப் போரிட்ட ஒரு வர்க்கம், தன் கம்பனிகளின் சொத்துரிமையைத் தன் அரசுக்குக் கூட விட்டுக்கொடுக்கத் தயங்கியது எனலாம்.

எனினும், அரசின் கட்டுப்பாடு தானாகவே மக்களுக்கு உணவளித்துவிடும் என முடிவு செய்வதும் பொருந்தாது. 1864இல் அற்லாண்டாவை நோக்கிப் படையெடுத்த ஷேர்மன், லூயிவில்லிலிருந்து நாஷ்வில், சற்றனூகா வழியாகச் சென்ற 473 மைல் ஒற்றைப் பாதையையே நம்பியிருந்தார். 100,000 வீரர்களுக்கும் 35,000 விலங்குகளுக்கும் 196 நாட்கள் அப்பாதையே உணவூட்டியது. இதற்கென அவர் அவ்வாண்டு ஏப்ரலில் பொதுமக்களின் பயணத்தையும் சரக்கையும் புகையிரதங்களிலிருந்து விலக்கினார். கிழக்கு ரெனிசியில் துன்புற்றோருட் பலர் வடபகுதியின் ஆதரவாளர்களே. அவர்கள் பொருட்டு லிங்கன் வேண்டியும் ஷேர்மன் இணங்கவில்லை. இராணுவம், மக்கள் ஆகிய இரு சாராரையும் ஒரே பாதையால் ஊட்டமுடியாது என்பதே அவரது வாதம்.

அடிமை முறையை ஒழித்த அப்போரின் முற்போக்கான வரலாற்றுப் பங்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் வென்றவர் பாதையிலும் தோற்றவர் பாதையிலும் இறுதியாக நின்றவர்கள் சாதாரண மக்களே. தெற்கில் தனியுடைமை அவர்களைப் புறந்தள்ளியது. வடக்கில் இராணுவத் தேவை புறந்தள்ளியது. ஆகவே, போர்க்காலப் புகையிரதத்தை ஆராய்வோர் எத்தனை தொன் ஏற்றப்பட்டது என்பதோடு நின்றுவிடலாகாது. எவருக்கு இடம் மறுக்கப்பட்டது, அதைத் தீர்மானித்தவர் யார் என்பனவும் வரலாற்றாசிரியரின் வினாக்களாதல் வேண்டும்.