பள்ளி வாயிலில் நின்ற பெற்றோர்

ஆண்டு விழா மலர் என்றால் நம் முன்னோர் மலையேறிய வரலாற்றை எழுதுவது மரபு. போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் மூட்டை முடிச்சுகளோடு வந்து, உடும்பஞ்சோலை ஏலக்காடுகளில் வியர்வை சிந்தியோரின் கதையை நாம் பலகாற் படித்துள்ளோம். அக்கதையில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு சாரார் உளர். லயத்துத் திண்ணையில் அமர்ந்து, பிற பிள்ளைகள் பையோடு பள்ளிக்குச் செல்வதைப் பார்த்திருந்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகளே அவர்கள். அத்தகையோர்க்கும் கல்வி உரியது என்பதை நாடு எவ்வாறு உணர்ந்தது என்று ஆராயப் புகின், சட்டமியற்றியோர்க்கும் முன்னே நிற்பவர் பெற்றோரே எனக் காண்கின்றோம்.

தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்ட ஊர் பாளையங்கோட்டை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், சுவெயின்சன் அம்மையார் செவிப்புலன் அற்றோர்க்கும் அங்கே பள்ளி நிறுவினர். அது பெருந்தொண்டே, ஐயமில்லை. ஆயினும் அக்காலத்தில் இக்கல்வி இரக்கத்தால் இடப்பட்ட அறமாகவே கருதப்பட்டது. இடம் கிடைத்தால் பேறு, கிடைக்காவிடில் விதி. கேட்டுப் பெறும் உரிமை என்னும் எண்ணம் பின்னரே தோன்றியது.

அவ்வெண்ணத்தை வளர்த்தோர் தாய்மார். 1966இல் பிறந்த மாலினி சிப் என்பார்க்கு மூளை முடக்குவாதம். மகளுக்குத் தக்க பள்ளி நாட்டில் இல்லாமை கண்ட மிது அலூர் அம்மையார், 1972இல் பம்பாயில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அம்மகள் பிற்காலத்தில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றதும், தம் வாழ்க்கையை நூலாக எழுதியதும் நாடறிந்த செய்திகள். சென்னையில் பூனம் நடராஜன் அம்மையார், தம் மகனை வளர்த்த பட்டறிவோடு 1985இல் தொடங்கிய நிலையமே இன்று வித்யாசாகர் என விளங்குகின்றது. 1995இல் அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் சங்கங்கள் ஒன்றுகூடிப் ‘பரிவார்’ என்னும் அகில இந்தியக் கூட்டமைப்பைக் கண்டன. கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே வழிதான். பென்சில்வேனியா மாநிலப் பெற்றோர் சங்கம் 1971இல் வழக்குமன்றம் ஏறியது. 1975இல் அந்நாடு முழுமைக்கும் சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் கோத்தாரி கல்விக் குழு (1964–66) இக்குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமென்று கூறிற்று. 1974இல் அதற்கொரு நடுவணரசுத் திட்டம் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி என்றது. 2007இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறித்து, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறையுடைய பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அண்டைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையை வழங்கிற்று. பள்ளிக்குச் செல்ல வண்டி வசதி செய்தலும் அச்சட்டம் கூறும் கடமையே. ஜீப் ஏறாமல் எங்கும் போக இயலாத நம் மலைக்கு இவ்விதி எத்துணை இன்றியமையாதது!

கேரளத்தின் வடகோடியாம் காசர்கோட்டில் நிகழ்ந்தது இன்னும் நெஞ்சை உருக்குவது. அங்கு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை எண்டோசல்பான் மருந்து வானிலிருந்து தெளிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார், அவர்களை மடியிலேந்தித் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடுத்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர்க்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. உள்ளாட்சி மன்றங்கள் குடும்பஸ்ரீயின் துணையோடு நடத்தும் பட்ஸ் பள்ளிகள் அப்பிள்ளைகளுக்கும் புகலிடமாயின. தோட்டத்தை நம்பி வாழும் நாம் அத்தாய்மாரை அயலார் என எண்ணலாகாது.

இனி நம் உடும்பஞ்சோலை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25க்கு மேற்பட்ட தோட்டங்களில் கல்வி வசதி செய்ய விதிகள் இயற்றும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. எனினும் நடக்க இயலாத பிள்ளையைப் பற்றி அப்பிரிவு தனித்து எதுவும் பேசவில்லை. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது நாம் மொழிச் சிறுபான்மையர் ஆனோம். அவ்வாண்டே அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. இவ்விரண்டு உரிமைகளும் ஒரே பிள்ளையிடம் கூடும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. செவிப்புலன் குன்றிய குழந்தைக்கு வீட்டில் தாய் பேசுவது தமிழ். பயிற்சியில் ஆசிரியர் பேசுவது மலையாளமெனில், உதடு பார்த்துச் சொல்லறியும் அக்குழந்தை எதனைப் பற்றிக்கொள்ளும்? மலையாளம் நமக்கு உடன்பிறந்த மொழி. அதனைக் கற்றலில் நமக்கு மனக்குறை இல்லை. முதற்சொல் தாயின் சொல்லாக இருத்தல் வேண்டும் என்பதே யாம் கூறுவது.

ஒரு வழி உண்டு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் இடமளித்துள்ளது. ஆயினும் நாட்கூலி இழந்து அலுவலகப் படியேறும் தாய்க்கு அதனை எடுத்துரைப்பார் யார்? புகைவண்டி நிலையமே இல்லாத மாவட்டத்தைச் சேர்ந்த யாம், புகைவண்டி அலுவலகத்தில் தாள்களோடு நாள் கழிப்பவர். ஒரு மனுவில் நாள், பிரிவு, ஒப்புகைச் சீட்டு ஆகிய மூன்றும் சரியாக இருப்பின் அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதை யாம் நன்கறிவோம்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். எழுத்தறிந்த உறுப்பினர் நால்வர், மாதம் ஒரு ஞாயிறு, இத்தகைய பெற்றோர்க்கு மனு எழுதித் தரட்டும். லயம் தோறும் சென்று பள்ளி காணாப் பிள்ளைகளின் பெயரை ஏட்டில் பதியட்டும். மருத்துவச் சான்றுக்குச் செல்வோர்க்கு ஒருவர் துணை போகட்டும். பெரும்பொருள் வேண்டா, பொழுதும் பொறுமையும் போதும். அடுத்த ஆண்டு மலரில் அத்திண்ணைப் பிள்ளைகளுள் ஒருவரேனும் தம் கையால் எழுதிய நாலு வரி வெளிவருமாயின், அதனினும் சிறந்த ஆண்டறிக்கை நம் சங்கத்திற்கு வேறில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!