சிந்துக் குறிகளின் தொடரடைவும் எண்ணிக்கையின் எல்லையும்

ஐராவதம் மகாதேவன் கணிப்பொறித் துணையுடன் தொகுத்த சிந்து எழுத்துத் தொடரடைவை இந்தியத் தொல்லியல் துறை 1977இல் வெளியிட்டது. 2,906 பாடங்களில் குறிகள் 13,372 முறை வருகின்றன. சாடி வடிவக் குறி மட்டும் 1,395 முறை, பெரும்பாலும் பாடத்தின் இறுதியில் வருகிறது. வாசிக்க இயலாத எழுத்திலும் விகுதி போன்றதோர் உறுப்பு இருக்கக்கூடும் என்பதை இவ்விடவருகை உணர்த்துகிறது.

ஆயினும் எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. உள்ளே கோடு பெற்ற மீன் தனிக் குறியா, மீனின் வேற்றுருவா? இதனைத் தீர்மானித்தது கணிப்பொறியன்று, தொகுப்பாளரின் கண்ணே. மகாதேவன் கொண்ட குறிகள் 417; அஸ்கோ பர்ப்போலா 1994இல் கொண்டவை 386. பட்டியல் மாறின் அதன்மேல் எழும் கணக்கும் மாறும்.

இக்குறிகள் மொழியைப் பதிவு செய்தவை அல்ல என ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகியோர் 2004இல் வாதிட்டனர். 2009இல் ராஜேஷ் ராவ் குழுவினர் (மகாதேவனும் அவர்களுள் ஒருவர்) ஒரு குறியை அடுத்து எக்குறி வரும் என்பதிலுள்ள உறுதியின்மையை அளந்து, அது இயற்கை மொழிகளை ஒத்திருப்பதாகக் காட்டினர். அதற்கும் 1977ஆம் ஆண்டுத் தொடரடைவே தரவு. ஒப்பீட்டிற்குச் செயற்கையாக ஆக்கிய குறித்தொகுதிகளும் எடுத்துக்கொள்ளப்பட்டமையை ஸ்ப்ரோட் மறுத்தார். அம்மறுப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. அக்கணக்கு எம்மொழி என்பதையும் கூறவில்லை. மகாதேவனின் திராவிடக் கருதுகோள் வேறு சான்றுகளின்மேல் நிற்பது. அதற்கு இந்த அளவீட்டைத் துணையாக்க இயலாது.