தாய்லாந்து நாணய நெருக்கடி (1997)

தாய்லாந்தின் நாணயமான பாட், 1997 ஜூலை 2 அன்று டாலர் பிணைப்பிலிருந்து விடுவிக்கப்பட்டதில் தொடங்கி, ஆசிய நாடுகள் பலவற்றுக்குப் பரவிய நெருக்கடி. நிலையான மாற்று விகிதம், தடையற்ற மூலதனப் போக்குவரத்து, தற்சார்பான பணக்கொள்கை ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒருசேரக் கைக்கொள்ள முடியாது என்னும் பொருளியல் கோட்பாட்டுக்கு இது தெளிவான சான்று. டாலருக்குச் சுமார் 25 பாட் என்ற விகிதம் பல்லாண்டு நீடித்ததால், உள்நாட்டைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைத்த டாலர் கடனை நிறுவனங்கள் இடரற்றதாகக் கருதின. வெளிநாட்டுக் கடனை உள்நாட்டுக்குக் கொண்டுவர வங்கிகளை அனுமதித்த பாங்காக் பன்னாட்டு வங்கி வசதி 1993இல் தொடங்கி, அக்கடனுக்கு வழியை அகலமாக்கியது. குறுகிய காலக் கடன், தாமதமாக வருவாய் தரும் கட்டடங்களில் முடங்கியது. மூலதனம் வெளியேறியபோது வட்டியை உயர்த்தினால் நிதி நிறுவனங்கள் நொடியும். உயர்த்தாவிட்டால் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரையும். கையிருப்பின் பெரும்பகுதி, டாலரைப் பின்னர் தருவதாக உறுதியளிக்கும் முன்பேர ஒப்பந்தங்களில் சிக்கிய பின்னரே பிணைப்பு கைவிடப்பட்டது. 1998 ஜனவரியில் டாலர் மதிப்பு 50 பாட்டைத் தாண்டியது.

வங்கி மேற்பார்வையின் தளர்ச்சியே காரணம், மாற்று விகிதம் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. தளர்ச்சி உண்மையே, ஆனால் மாறா விகிதம் தந்த பொய்ப் பாதுகாப்பே டாலர் கடனை மலிவாகக் காட்டியது. 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தி, வட்டியைக் குறைத்தது. மூன்றில் ஒன்றான தடையற்ற மூலதனப் போக்குவரத்தைத் துறந்து மற்ற இரண்டைக் காத்தது. அத்தகைய கட்டுப்பாடின்றித் தென்கொரியாவும் மீண்டதால், அதுவே சிறந்த மருந்து என நிறுவ இயலாது. ஆயினும் எதைத் துறப்பது என்பதை மூலதனம் பெருகி வரும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அம்முடிவைச் சந்தை எடுக்கும், அதன் சுமையை வேலையிழக்கும் தொழிலாளர் சுமப்பர்.