கத்தரி இலையும் புள்ளிக் கணக்கும்

வைகை அணையை ஒட்டிய ஆண்டிபட்டி, பெரியகுளம் வட்டாரத்துக் கத்தரித் தோட்டங்களில், இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும் வண்டு ஒன்று உண்டு. விவசாயிகளுக்கு அது புள்ளிவண்டு. வேளாண் துறையினருக்கு எபிலாக்னா. அசுவினியைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டுகளின் குடும்பத்தில்தான் இதுவும் பிறந்திருக்கிறது. இதை இனம் பிரிக்க முயன்ற கதைக்கு ஏறத்தாழ 250 ஆண்டு வயது. அதில் பெரும்பகுதிக்கு முதுகுப் புள்ளிகளின் எண்ணிக்கையே அளவுகோலாக இருந்தது. அந்த எண்ணிக்கையை வைத்து இனத்தை முடிவுசெய்ய முடியாது என்பதை இந்தக் கதையே நிரூபிக்கிறது என்று கருதுகிறேன்.

லின்னேயஸின் மாணவரான ஃபப்ரிசியஸ் 1775-இல் இந்த வண்டுக்கு இருபத்தெட்டுப் புள்ளி என்ற பொருளில் பெயர் வைத்தார். 1823-இல் வீடமான் என்பவர் பன்னிரண்டு புள்ளிக்காரன் ஒன்றைத் தனி இனமாக எழுதினார். ஊசியில் குத்திய சில உடல்களை மட்டுமே பார்த்தவர்களுக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் தோட்டத்தில் பன்னிரண்டுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்ட வண்டுகளும் கிடைக்கின்றன. அவற்றை எந்தப் பெட்டியில் வைப்பது? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பூச்சியியலைத் தொழிலாகக் கொண்டவரே அல்லர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் டீக்கே, ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவின் எபிலாக்னாக்களை ஆராய்ந்து 1947-இல் ஒரு பெருநூல் எழுதினார். ஒவ்வொரு இறக்கையுறையிலும் நிலையான புள்ளிகள் ஆறு, வந்தும் வராமலும் இருக்கும் புள்ளிகள் எட்டு என்று அவர் வகுத்தார். நிலையானவை மட்டும் இருந்தால் இருபுறமும் சேர்த்துப் பன்னிரண்டு. எல்லாம் தோன்றினால் இருபத்தெட்டு. ஆக, இரண்டு பழைய பெயர்களும் ஒரே கோலத்தின் இரு முனைகளைக் குறிக்கின்றன. ஒரு கோலம் எந்த அளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து இனம் பிரிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. பன்னிரண்டு புள்ளிக்காரனுக்குச் செம்பு நிறம், இறக்கை நுனி உருண்டை. மற்றதற்குக் கருஞ்சிவப்பு, நுனி சற்றுக் கூர்மை என்று நம் வேளாண் கையேடுகள் இன்றும் பிரித்துக் காட்டுகின்றன. நிறத்தை நம்ப முடியாது. கூட்டுப்புழுவிலிருந்து வந்த புது வண்டு வெளிறியிருந்து நாளாக நாளாகக் கறுக்கும். நுனியின் வடிவம் கவனிக்கத்தக்க சான்றுதான், ஆனால் அது புள்ளிக்குச் சம்பந்தமில்லாத சான்று. இவை உண்மையிலேயே இரண்டு இனங்கள் என்றால், ஆணின் பிறப்புறுப்பு அதைக் காட்ட வேண்டும், அல்லது ஒரே தாயின் முட்டைகளை வளர்த்தால் வெளிவரும் வண்டுகள் காட்ட வேண்டும். எண்ணிக்கை மறுபக்கமும் ஏமாற்றும். ஜப்பானில் உருளைக்கிழங்கைத் தின்னும் மோட்சுல்ஸ்கி என்பவர் பெயரிட்ட வண்டுக்கும் இருபத்தெட்டுப் புள்ளிதான், ஆனால் அது வேறு இனம்.

நுண்ணோக்கி இல்லாத விவசாயிக்குப் புள்ளியை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று கேட்கலாம். பன்னிரண்டா இருபத்தெட்டா என்பது அவருக்குத் தேவையே இல்லை. இரண்டும் கத்தரியைத்தான் தின்கின்றன. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது பகைவன் யார், துணைவன் யார் என்பது. அங்கேதான் புள்ளி அதிகக் கேடு செய்கிறது. 1781-இல் ஃபப்ரிசியஸ் ஆறுபுள்ளிக்காரன் என்று பெயரிட்ட நம்மூர்ப் பொறிவண்டு அசுவினியைத் தின்பது. அதன் முதுகில் வழக்கமாக நெளிகோடுகள் இருக்கும். சிலவற்றில் கருமை பரவி நான்கு திட்டுகள் மட்டும் மிஞ்சும். புள்ளிப் படத்தை வைத்துத் தேடினால் இந்த நண்பனும் தப்பாது. மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருப்பது எபிலாக்னா; மழமழவென்று மின்னுவது அசுவினி தின்னி. எபிலாக்னாவின் புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முட்களோடு இலையடியில் மெதுவாக மேயும். மற்றதன் புழு கருமையாக, அசுவினிக் கூட்டத்தினூடே சுறுசுறுப்பாக ஓடும். முட்டைக் குவியலைப் பொறுக்கி அழிக்கச் சொல்லும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டுமே மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக, நிமிர்த்தி வைக்கின்றன. அந்த இலையில் அசுவினி இருந்தால் முட்டை பொரிக்கும் சில நாள் பொறுத்து, வெளிவரும் புழுவைப் பார்த்தபின் கைவைப்பதே சரி.