வரவு எந்தப் பக்கம்?

கணக்கு மென்பொருளிலை பிழையான தலைப்பிலை விழுந்த பதிவை எப்படித் திருத்திறது? கேள்வி புதுசு மாதிரித் தெரியும். 1494இலை வெனிஸிலை லூக்கா பச்சோலி அச்சிட்ட கணித நூலுக்குள்ளை ஒரு கணக்குப்பதிவுப் பகுதி இருக்கு. அதின்ரை 31ஆம் அத்தியாயமே இதுதான். அவர் சொன்ன வழி: பிழையான பதிவை அழிக்காதே. அதுக்கு எதிர்ப்பக்கத்திலை அதே தொகையை எழுது. ரெண்டுக்கும் பக்கத்திலை ஒரு சிலுவைக்குறி போடு. பிறகு சரியான இடத்திலை பதி. வழக்கு வந்தால் ஏடுதான் சாட்சி. வெட்டிக் கிறுக்கின சாட்சியை ஆர் நம்புவினம்?

எங்கட பக்கத்துக்கு இந்த ஒழுங்கு புதுசில்லை. 19ஆம் நூற்றாண்டிலை இலங்கையிலை கடன் குடுத்து வாங்கின நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் பேரேடும் ஐந்தொகையும் வச்சிருந்தவை. எங்கட பள்ளிக்கூடக் கணக்கீட்டிலை அந்த ஐந்தொகை எண்ட சொல்லு இருந்தது.

சுன்னாகம் சந்தைப் பக்கம் ஒரு கடை எண்டு வையுங்கோ. ரெண்டு லட்சத்துக்கு ஃபிறீசர் வாங்கினம். கணினியிலை பதியிற பொடியன் அதைக் 'கொள்வனவு' எண்டு போட்டிட்டான். பரீட்சை மீதி சமன்படும், மென்பொருள் சத்தமே போடாது. ஆனால் அந்த வருசத்து லாபம் ரெண்டு லட்சத்தாலை குறையும். வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் அந்தக் குறைஞ்ச லாபத்தைத்தான் பாப்பினம். இதையே தலைகீழாச் செய்தது அமெரிக்காவின் வேர்ல்ட்கொம். மற்றக் கம்பனிகளின்ரை தொலைபேசி இணைப்புகளுக்குக் கட்டின செலவைச் சொத்தெண்டு பதிஞ்சு லாபத்தை ஊதிக் காட்டிச்சுது. 2002 யூனிலை வெளியிலை வந்த தொகை 380 கோடி டொலர். கண்டுபிடிச்சது சிந்தியா கூப்பரின்ரை உள்ளகக் கணக்காய்வுக் குழு. (இலக்கணத்திலை வழுவமைதி எண்டு ஒண்டு இருக்கு, குமாரசுவாமிப் புலவர் பிறந்த ஊர்க்காரருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. கணக்கிலை அப்பிடி ஒரு சலுகை கிடையாது.)

இப்பத்தை மென்பொருளிலை நூறு பதிவைத் தெரிவு செய்து ஒரே சொடுக்கிலை தலைப்பை மாத்தலாம். வசதிதான். எனக்கு அதிலை பயமும் இருக்கு, சில மென்பொருளிலை பழைய தலைப்பு என்னெண்டதே காணாமல் போகும். இந்தியாவிலை 2023 ஏப்ரல் 1இலை இருந்து கம்பனிகள் பாவிக்கிற கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியோட பதிஞ்சு வைக்கவேணும், அதை நிப்பாட்டவும் ஏலாது. பச்சோலியின்ரை சிலுவைக்குறியின்ரை பேரப்பிள்ளை அது.

இதைவிட எங்களுக்கு மட்டுமேயான பொறி ஒண்டு இருக்கு. திருத்தம் பழக நாங்கள் பாக்கிறது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளி. அங்கை இடப்பக்கம் 'பற்று', வலப்பக்கம் 'வரவு'. எங்கட கணக்கீட்டிலை இடப்பக்கம் 'வரவு', வலப்பக்கம் 'செலவு'. காசேட்டிலை நிண்டு பாத்தால் கைக்கு வந்த காசு இடப்பக்கம், ஆகவே எங்கட வழக்கு நியாயம். ஒரு வாடிக்கையாளரின்ரை கணக்கிலை நிண்டு பாத்தால் அவர் எடுத்தது பற்று, அவரிட்டையிருந்து வந்தது வரவு, அவையின்ரை வழக்கும் நியாயம். ஆனால் 'வரவு வையுங்கள்' எண்டு காணொளி சொல்ல, நாங்கள் எங்கட வரவிலை போட்டால் திருத்தமே பிழையை ரெட்டிப்பாக்கும்.

அந்த ஃபிறீசருக்கு வருவம். அதே வருசத்துக்குள்ளை பிடிபட்டால், எங்கட தமிழிலை: உபகரணக் கணக்கு வரவு, கொள்வனவுக் கணக்கு செலவு, ரெண்டு லட்சம். தமிழ்நாட்டுத் தமிழிலை: உபகரணம் பற்று, கொள்முதல் வரவு. வருசம் மூடினாப் பிறகு பிடிபட்டால் கொள்வனவுக் கணக்கைத் தொடக்கூடாது, அது ஏற்கெனவே லாபநட்டத்துக்குப் போய் முடிஞ்சுது. தனியாள் கடையெண்டால் மூலதனக் கணக்கைச் செலவு வைக்கவேணும், போன வருசத்துப் பெறுமானத்தேய்வைக் கழிச்சுப்போட்டு.